எல்லைக்கல்லுக்கு இப்புறம் எழுந்தவர்

முக்கூடல் தோணித்துறையில் இருந்த ஆவுடைநாயகம் இரண்டு முறை பாடையில் போனவர். இரண்டாவது முறை எல்லோரும் போவது போலத்தான் போனார். முதல் முறை போனது 1918இல், புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நல்ல வெயிலில். அன்றைக்கு அவர் உடம்பில் ஒரு நோவும் இல்லை. காலையில் பழையசோறு சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குப் புளிக்குழம்பு வைக்கும்படி மனைவி சந்தனமாரியிடம் சொல்லிவிட்டுத்தான் பாடையில் ஏறப் போனார்.

தோணி அவருக்கு அப்பா வழியில் வந்தது. முக்கூடல் ஆற்றுக்கு வடகரை. ரயில் ஓடுவது தென்கரை. வீரவநல்லூரில் வண்டி பிடிக்க வேண்டியவர்களும் நெல் வியாபாரிகளும் கல்யாண வீட்டுப் பாத்திரங்களும் பாளையங்கோட்டைக்குப் போகும் வேதக்கோயில் உபதேசியார்களும் அவர் தோணியில்தான் அக்கரை போக வேண்டும். துறையை நடத்தும் உரிமையை ஊர் கொடுத்திருந்தது. ஊர் நினைத்தால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

தோணியை விட அவருடைய மூச்சுக்குத்தான் பேர் அதிகம். குளிக்கிற பெண்ணின் தோடு ஆற்றில் விழுந்தால் ஆவுடையைக் கூப்பிடுவார்கள். அவர் முங்குவார். கரையில் நிற்பவர்கள் முதலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு பேச்சு நிற்கும். பிறகு யாராவது ஒரு பெண் அழத் தொடங்குவாள். அதற்குப் பிறகுதான் தலை மேலே வரும், பல்லில் தோட்டைக் கடித்தபடி. இந்த மூச்சுதான் அவரைப் பாடையில் ஏற்றியது.

பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த இஸ்ரவேல், மதராஸில் சலனப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். பாளையக்காரர் கதை எடுக்கப் போவதாகச் சொன்னதும் கூட்டாளிகள் பயந்தார்கள். திருநெல்வேலிக் கலவரம் நடந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. கும்பினிப் பட்டாளத்தைத் திரையில் காட்டினால் கலெக்டர் கச்சேரிக்கு இழுத்துவிடுவார்கள். ஆகவே இஸ்ரவேல் கதையை நூறு வருஷம் பின்னால் தள்ளி, இரண்டு பாளையங்களுக்குள் சண்டை என்று மாற்றினார். படத்துக்குப் பெயர் ‘கடைசிப் பாளையம்’.

முக்கூடல் மணலில் கோட்டை எழுந்தது. பனையோலைத் தட்டிதான், மேலே சுண்ணாம்பும் கரியும் பூசி, கல் போலக் கோடு கிழித்திருந்தார்கள். படை என்பது நாற்று நடுவதற்கு முன் சும்மா இருந்த முப்பது ஆட்கள். முதல் வரிசையில் தலைப்பாகையோடு போனவன் தட்டிக்குப் பின்னால் ஓடி, தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரியாக வருவான். ராணியாக வந்தது நாடக மேடையில் பெண் வேஷம் கட்டும் ஓர் ஆண். காலையில் ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் அவருக்கு முகச் சவரம் நடக்கும். வெளிச்சத்துக்குச் சூரியன்தான். நிழல் விழுந்த பக்கத்துக்கு வெயிலைத் திருப்ப, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப்போடுகிற வெள்ளைத் துணிகளை வாங்கி வந்து மூங்கிலில் இழுத்துக் கட்டிப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் சண்டைக் காலம், கப்பல் வரத்து குறைவு, படச்சுருள் கிடைப்பது அரிது. எந்தக் காட்சியும் ஒரே ஒரு தடவைதான்.

கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவர் மேலப்பாளையம் அசன் மைதீன். சாயத்தில் நூல் முக்குகிற நெசவுக் குடும்பம். இப்போது மருந்துத் தொட்டியில் படச்சுருளை முக்கினார். ஆற்றுத் தண்ணீரில் அலசி, பாவு சுற்றுவது போலப் பெரிய மர உருளையில் சுற்றிக் காயவைத்தார். அந்தச் சுருளின் குணம் அவருக்குத்தான் தெரியும். அதற்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாய்க் காட்டும். பெண்கள் நெற்றிக் குங்குமம் ஓட்டை விழுந்தது போல இருக்கும். நீலத்தையோ வெள்ளையாக்கிவிடும். செத்த ராஜாவின் முகம் திரையில் வெளிறித் தெரிய வேண்டுமானால், நிஜத்தில் அந்த முகத்துக்கு நீலம் பூச வேண்டும்.

ராஜாவின் சவ ஊர்வலம்தான் படத்தின் கடைசிக் காட்சி. அது வரைக்கும் வாள் வீசிய ராஜபார்ட் நடிகர், பச்சை ஓலையில் பாடை கட்டுவதைப் பார்த்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டார்.

“மேடையில தெனமும் சாவுதேன். அது வேற. இதுல நான் ஏற மாட்டேன்” என்றவர், வண்டி கட்டிப் போயே போய்விட்டார்.

இஸ்ரவேல் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாடை கட்டிக்கொண்டிருந்த உய்க்காட்டான் நிமிர்ந்தார். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் தோள் கொடுப்பவர் அவர். சாவு வீட்டிலும் கோட்டி பண்ணிச் சிரிக்க வைப்பவரும் அவர்தான்.

“ஐயா, நம்ம ஆவுடையப் படுக்கப் போடும். அதே மீசை, அதே மூக்கு. முங்கினாம்னா அடுத்த அமாவாசைக்குத்தான் மூச்சு விடுவான்.”

சந்தனமாரிக்கு இது பிடிக்கவில்லை. “ராஜாவா நடிக்கக் கூப்பிட்டாப் போவலாம். ராஜாப் பொணமாவா கூப்பிடுதாங்க?”

“கிரீடம் வைப்பாங்கல்லா, சந்தனமாரிக்குப் பொறாம” என்றார் உய்க்காட்டான்.

ஆவுடை சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவருக்கும் ஆசைதான். தோணிக்காரனை யார் ராஜாவாக்குவார்கள்? முகத்திலும் கழுத்திலும் நீலம் பூசினார்கள். பூசி முடித்ததும் சுற்றி நின்றவர்கள் இரண்டு அடி பின்வாங்கினார்கள். பாம்பு தீண்டியவனின் நிறம் அது.

“எல்லாம் நெசம் போலவே இருக்கணும்” என்று இஸ்ரவேல் சொல்லியிருந்தார். அந்த ஊர்க்காரர்களுக்குப் பாடை கட்ட ஒரே ஒரு விதம்தான் தெரியும். பொய்யாகக் கட்ட யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். சந்தனமாரி அந்தப் பக்கமே வரவில்லை. ஒப்பாரிக்குத் தலைமை உய்க்காட்டானின் மனைவி கோமு. ராஜாவைப் பாடச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் அந்த நீல முகத்தைப் பார்த்ததும் கோமுவுக்கு ராஜா மறந்து போயிற்று.

*கட்டின தோணி கரையில ஆடுதே – என் ராசாவே*
*கைபிடிச்ச துடுப்பு ஆளத் தேடுதே*

என்று எடுத்தாள். மற்றப் பெண்கள் ஒரு கணம் தயங்கி, பிறகு அதையே பிடித்துக்கொண்டார்கள். இஸ்ரவேல் தடுக்கவில்லை. படத்தில் சத்தமா கேட்கப் போகிறது? கண்ணை மூடிக் கிடந்த ஆவுடைக்குக் கேட்டது. தன் சாவுக்கு அழுவதைத் தானே கேட்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். கையில் மயிர் கூச்செறிந்ததாகவும், அது படத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்ததாகவும் பின்னால் சொன்னார்.

சனிக்கிழமை என்பதால் பாடைக் காலில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை போகும் பிணம் துணை தேடும் என்பது அங்கே நம்பிக்கை. கோழி போனால் மனுஷர் தப்பலாம். வெள்ளைக் குஞ்சு. கேமரா வழியாகப் பார்த்த அசன் மைதீன் கையைத் தூக்கினார்.

“மொதலாளி, கோழி துள்ளுது. பாக்குறவன் கண்ணு மையத்து மேல நிக்காது, கோழியிலதான் நிக்கும்.” பிணத்தை மையத்து என்பது அவர் வழக்கம்.

இஸ்ரவேல் எட்டிப் பார்த்தார். ராஜாவின் பாடையில் கோழி! “அவுத்து விடுங்க.”

“ஐயா, இன்னைக்குச் சனிக்கெழம” என்றாள் கோமு.

“அவன் செத்தா போய்ட்டான்? இந்த அஞ்ஞானமெல்லாம் எனக்கு வேண்டாம் அம்மா. அவுத்து விடுங்க.”

குஞ்சு தாழம்புதருக்குள் ஓடி மறைந்தது.

ஊர்வலம் புறப்பட்டது. தெருமுனையில் பெண்கள் வழக்கம் போலத் திரும்பிவிட்டார்கள். ஆற்றோர வரப்பு குறுகல் என்பதால் மேளக்காரர்களும் மற்ற ஆண்களும் அங்கேயே நின்றார்கள். தெருவில் ஊர்வலத்தைப் பிடித்துவிட்டு முன்னால் ஓடிய கேமரா, சுடுகாட்டு எல்லைக்கல் தெரிகிற இடத்தில் காத்திருந்தது. அந்தக் கல்லுக்கு இப்புறம் வரைதான் உறவு, ஊர், பேர் எல்லாம். பாடை அதைத் தாண்டிவிட்டால் கிடப்பவன் ஊர்க்காரன் இல்லை. உய்க்காட்டானும் இன்னும் மூன்று பேரும் தூக்கி வந்தார்கள். கல்லுக்கு முன்னால் வந்ததும் இஸ்ரவேல் “போதும்!” என்று கத்தினார். பாடையை இறக்கினார்கள். ஆவுடை எழுந்து உட்கார்ந்து, விரல் கட்டை அறுத்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஆற்றில் போய் விழுந்தார். நீலத்தைக் கழுவ வேண்டும். அடக்கின மூச்சையும் விட வேண்டும். பின்னால் அந்த நாலு பேரும் என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. முங்கினார். எழுந்தபோது அவர்கள் வெறும் பாடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டு எல்லோரும் புளிக்குழம்பு சாப்பிடப் போனார்கள்.

ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. தேசம் முழுக்க வந்த காய்ச்சல்தான். ஆனால் முக்கூடலில் அது முதலில் எடுத்தது உய்க்காட்டானை. அடுத்து, அவரோடு தோள் கொடுத்த மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக எடுத்தது. நாலாவது ஆள் போன அன்று ஊரில் ஒருவரும் காய்ச்சல் என்று சொல்லவில்லை. கோழியை அவிழ்த்துவிட்ட பாடை துணை தேடிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

ஆவுடைக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. அதுவே அவருக்கு எதிரான சாட்சி ஆயிற்று. செத்தவனுக்கு எப்படிக் காய்ச்சல் வரும்?

முதலில் துறைக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தோணிக்கு அவசரமில்லை என்பது போல, மேற்கே ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிக் கடக்க நடந்து போனார்கள். பிறகு அந்தப் பாசாங்கும் போயிற்று. வெளியூர்க்காரன் யாராவது தெரியாமல் ஏறப் போனால் கரையிலிருந்து கூப்பிட்டு இறக்கினார்கள். நாவிதர் அவருக்குச் சவரம் செய்ய வரவில்லை. கடைக்காரர் உப்பைக் கையில் தராமல் கல்லில் வைத்தார். காதுக்குப் பின்னால் கொஞ்சம் நீலம் போகாமல் ஒட்டியிருந்தது. சந்தனமாரி சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். தோல் உரிந்ததே தவிர நீலம் உரியவில்லை.

ஐப்பசிக் கடைசியில் வந்த வெள்ளம் வடகரைச் சுடுகாட்டை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முக்கூடலில் இன்னும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். எரிக்க இடமும் விறகும் தென்கரையில் இருந்தன. பிணங்கள் தோணித்துறைக்கு வந்தன. தூக்கி வந்தவர்கள் தோணியில் இறக்கி வைத்துவிட்டுக் கரையிலேயே நின்றார்கள், ஏறவில்லை. மேற்கே ஆழம் குறைந்த இடத்திலும் கழுத்தளவு நின்ற தண்ணீரில் கயிறு பிடித்துக் கடந்து, அக்கரையில் வந்து காத்திருந்தார்கள். பட்டப்பகலில், வெயிலில், ஆவுடை தனியாகப் பிணங்களை ஓட்டிக்கொண்டு போனார். உயிரோடு இருந்தபோது அந்தத் தோணியில் ஏற மறுத்தவர்கள்தான். இப்போது மறுக்கவில்லை. நடு ஆற்றில் அவர் அவர்களோடு பேசுவாராம். வேறு யாரோடு பேசுவது?

ஒரு நாள் சந்தனமாரியின் அண்ணன் மூட்டையோடு வந்தார். அவிழ்த்தால் உள்ளே கோடிச் சேலை. தாலி அறுக்கிறவளுக்குப் பிறந்த வீடு போடுகிற புதுச்சேலை.

சந்தனமாரி அதைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பின்கட்டில் ஆவுடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அங்கன உக்காந்து திங்கிறது யாரு?”

“ஊரு சொல்லுதுல்லா…”

“ஊரு வந்து ஆக்கிப் போடட்டும். செத்தவனுக்கா நான் மூணு வேள கொழம்பு வைக்கேன்? உப்புப் போதலன்னு சட்டிய உருட்டுதாரு. எந்தப் பொணம்ணே உப்புப் போதலன்னு சொல்லும்?”

அண்ணன் சேலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் அதைக் கிழித்து அடுப்படித் துணியாக்கினாள். ஆனால் அன்று படுக்கும்போது புருஷனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஆவுடை கண் திறக்காமலே, “வருதா?” என்று கேட்டார்.

கார்த்திகையில் ஊர் கூடியது. நாட்டாமை நேரடியாகக் கேட்டார்.

“பாடை கல்லத் தாண்டிச்சா, தாண்டலயா?”

“தாண்டல. எந்திரிக்கும்போது கல்லு எனக்கு முன்னால நின்னுது.”

“நீரு கண்ண மூடிட்டுல்லா கெடந்தீரு? யாரு பாத்தா?”

ஊர்க்காரர்களில் பார்த்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: “அந்தப் பெட்டி பாத்திருக்கும்லா.”

அப்படி முடிவாயிற்று. படம் ஊருக்கு வரட்டும். கல்லுக்கு இப்புறம் அவர் எழுந்தது அதில் இருந்தால், அவர் உயிருள்ள ஆள், துறை அவருக்கு. இல்லையென்றால் பங்குனிக்குள் துறையையும் ஊரையும் விட்டுப் போக வேண்டும்.

இதற்குள் ‘கடைசிப் பாளையம்’ மதராஸில் ஓடிப் பெயர் வாங்கியிருந்தது. பாடைக் காட்சியில் ஜனங்கள் வாய்விட்டு அழுதார்கள். மரணத்தை இவ்வளவு அசலாக நடித்தவரை மேல்நாட்டுப் படங்களிலும் கண்டதில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஆவுடை பாளையங்கோட்டைக்குப் போய் ஸ்டூடியோ வாசலில் நின்றபோது இஸ்ரவேல் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“ஆவுடை, நீரு எந்திரிக்கிறதுக்கு முந்தியே காட்சிய முடிச்சிட்டேன். பொணம் எந்திரிச்சா சனங்க சிரிக்குமே. கோழிய அவுக்கச் சொன்னவன் நான். ஊருக்கு வந்து நானே சொல்லுதேன்.”

“ஒங்க சொல்லு வேண்டாம் ஐயா. படத்தப் பாக்கணும்னு சொல்லுதாங்க.”

“வெட்டின துண்டு எங்கிட்ட கெடக்கு” என்றார் உள்ளே இருந்த அசன் மைதீன். “வாரும்வே மையத்து, இங்கன வாரும்.”

அந்தச் சுருள் லேசில் தீப்பிடிக்கும் என்பதால் வெட்டுத் துண்டுகளைப் பித்தளைப் பானையில் மூடி வைத்திருந்தார். ஒன்றை எடுத்துச் சன்னலில் பிடித்து, ஆவுடையின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கட்டங்கட்டமாகச் சின்னப் படங்கள். பாடை. கல். கல்லுக்கு இப்புறம் தான் எழுந்து உட்காருவதை ஆவுடை பார்த்தார். எழுந்து ஓடினார், படத்தை விட்டே ஓடிப்போனார்.

துண்டு அதோடு முடியவில்லை.

“மொதலாளி போதும்னாரு. எங் கை நிக்கல” என்றார் அசன் மைதீன். “பாரும்.”

உய்க்காட்டான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். காலைத் தூக்கிப் போட்டுக் காலியான பாடையில் ஏறுகிறார். கையைக் கட்டிக்கொண்டு நீட்டிப் படுக்கிறார், வாயெல்லாம் பல்லாக. மற்ற மூன்று பேரும் சிரித்துக் குலுங்கி, அவரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். எல்லைக்கல் பின்னால் போகிறது. பாடை அதைத் தாண்டிவிட்டது.

ஆற்றில் முங்கியபோது கேட்ட சிரிப்பு எதற்கு என்று ஆவுடைக்கு அப்போதுதான் தெரிந்தது.

“முழுசா ஒட்டிருவமா?” என்றார் அசன் மைதீன். “நீரு கல்லுக்கு இங்கன, அவரு கல்லுக்கு அங்கன. ஊரே பாக்கட்டும். அதுக்கப்புறம் ஒம்ம மேல ஒரு சொல்லு நிக்காது.”

நிற்காதுதான். அது கோமுவின் மேல் போய் நிற்கும். புருஷன் போன வீட்டில் பெண் பிள்ளைகளோடு கிடப்பவள். அவள் வீட்டுக்காரன்தான் விளையாட்டுக்கு எல்லை தாண்டி ஊரில் சாவைக் கூட்டிவந்தான் என்பார்கள். தோணி இருந்த தனக்கே உப்பு கல்லில்தான் கிடைத்தது. ஒன்றும் இல்லாதவளுக்கு அந்தக் கல்லும் கிடைக்காது.

ஆவுடை கண்ணாடியைக் கீழே வைத்தார். “உய்க்காட்டான் அண்ணே சிரிக்காருல்லா, அதோட வெட்டும்.”

“வெட்டினா அப்புறம் என்ன நடந்ததுன்னு ஊரு கேக்கும்வே. அரைகுறையாக் காட்டுதான்னு சொன்னா?”

“சொல்லட்டும்.”

அசன் மைதீன் துண்டைத் திரும்ப வாங்கினார். கத்தரியை எடுத்தார். மீதித் துண்டைச் சுருட்டிக் கொடுத்து, “தீக்கிட்ட கொண்டு போவாதேயும்” என்றார்.

பங்குனி பிறக்கும் முன்பே முக்கூடல் மணலில் கூடாரம் போட்டார்கள். இருட்ட ஆரம்பித்ததும் ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தது. கோட்டையையும் சண்டையையும் ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசிக் காட்சி வந்தது. திரையில் ஊர்த்தெருவிலிருந்து ஊர்வலம் திரும்பிக் கூடாரத்தை நோக்கி வந்தது.

முதலில் ஒரு பெண் “அம்மா!” என்றாள். பிறகு எல்லாப் பக்கமும் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐப்பசியில் எரித்தவர்கள் வெயிலில் நடந்து வந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், ஒருத்தி நழுவின சேலையை இழுத்துச் செருகினாள். சத்தமே இல்லை, உருளை சுற்றுகிற கடகடப்பு மட்டும். திரையில் உயிரோடு நடந்தவர்களில் பாதிப் பேர் சாம்பலாகிவிட்டார்கள். செத்துக் கிடந்தவர் ஒருவர்தான் கூடாரத்தின் ஓரத்தில், சந்தனமாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒட்டு வந்த இடத்தில் திரை ஒரு முறை துள்ளியது. கல். பாடை. வெளிறிய முகம் கண்ணைத் திறந்து எழுந்தது. கூடாரத்தில் பாதி அலறிக்கொண்டு எழுந்து ஓடியது. ஓடாதவர்கள் கல்லைப் பார்த்தார்கள். பிறகு உய்க்காட்டானின் முகம் பெரிதாகத் திரும்பி, எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. அதோடு திரை வெள்ளையாயிற்று.

“கல்லு முன்னாலதான் நிக்கி” என்றார் நாட்டாமை. தீர்ப்பு அவ்வளவுதான். ஆவுடையிடம் ஒருவரும் ஒன்றும் பேசாமல் கலைந்து போனார்கள். சாட்சி சொல்லிவிட்டால் ஆகிவிடுமா? ஏற வேண்டுமே.

மறுநாள் காலை துறையில் ஆள் இல்லை. சந்தனமாரி தூக்குச்சட்டியோடு வந்து தோணியில் ஏறி உட்கார்ந்தாள். “ஒருத்தரும் வரலன்னா நானே நாள் பூரா அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்ட்டு வாரேன். தோணி நெறஞ்சாப்புல இருக்கும்.”

அவள் சொல்லி முடிக்கும் முன்னே படித்துறையில் கோமு இறங்கி வந்தாள். வெள்ளைச் சேலை. நேரே வந்து தோணியில் காலை வைத்தாள். சந்தனமாரி பைய இறங்கிக்கொண்டாள்.

நடு ஆற்றில் கோமு கேட்டாள்.

“கொழுந்தனாரே, மிச்சம் எங்க?”

“எது மதினி?”

“எம் மனுசன் அப்படிப் பல்லக் காட்டினா, அடுத்து ஏதாவது கோட்டி பண்ணாம இருக்க மாட்டாரு. எனக்குத் தெரியாதா? என்ன பண்ணினாரு?”

ஆவுடை தோணியை ஓட்டுகிற கழியை ஊன்றி நிறுத்தினார். பொய் சொல்ல வாய் எடுத்தவர், அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மடியிலிருந்து சுருளை எடுத்துக் கொடுத்தார். கோமு அதை நீட்டிச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். சின்னக் கட்டங்கள். கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் புருஷன் பாடையில் சிரித்துக்கொண்டு கிடந்தார். கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

“சிரிச்சிட்டில்லா போறாரு” என்றாள். “காய்ச்சல்ல கெடக்கும்போது இந்த மூஞ்சிய ஒரு தடவ காட்டலியே, படுபாவி.”

அழுவாள் என்று ஆவுடை எதிர்பார்த்தார். அவள் சுருளின் கடைசியை மட்டும் திரும்பத் திரும்ப வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“தூக்குறது மூணு பேருல்லா?”

“ஆமா.”

“முன்னால ரெண்டு. பின்னால ஒண்ணு.”

“ஆமா மதினி.”

“அப்ப பாடை ஏன் ஒரு பக்கமாச் சரியல? பின்னால, இந்த மூலைய யாரு பிடிச்சிருக்கா?”

ஆவுடையும் அதைப் பார்த்திருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிய நாள் முதல் எத்தனையோ தடவை வெயிலில் பிடித்துப் பார்த்திருந்தார். பின் மூலையில் ஆள் இல்லை. ஆற்று மணல்தான் தெரிந்தது. பாடை நாலு தோளில் போவது போல நேராகப் போனது.

“நானும் பாத்தேன்” என்றார்.

கோமு சுருளைச் சுருட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இத வெட்டாமக் காட்டியிருந்தா, எம் பிள்ளைங்கள இந்நேரம் ஊரு என்ன செஞ்சிருக்கும்?”

அவர் கழியைக் கை மாற்றிப் பிடித்தார்.

“சரி, விடும். நான் அக்கரை போய் எறங்குறத ஊரு பாக்கணும். அதுக்குத்தான் வெயில் ஏறுறதுக்கு முந்தியே வந்தேன்.”

ஆவுடைநாயகம் திரும்பிப் பார்த்தார். வடகரைப் படித்துறையில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றிருந்தார்கள். கூடையோடு ஒருவர், குடையோடு ஒருவர். தோணி அக்கரை சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழியை ஊன்றித் தள்ளினார். கோமு தென்கரையில் இறங்கி, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரயில் பாதைப் பக்கம் நடந்தாள்.

இக்கரையிலிருந்து ஒருவர் வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

“ஏ ஆவுடை! சீக்கிரம் வாரும்வே, வண்டிக்கு நேரமாச்சு!”